பிக்கப்பின் கணக்கு: புகை விதிகளும் யமஹாவின் பெயரும்

1

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துக்குள் டூ ஸ்ட்ரோக் வண்டிகளை மட்டுமே தொடுகிற மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். நாற்பது வருஷத் தொழில். அவர் பட்டறையில் உட்கார்ந்து டீ குடிக்கிற எவரும் ஒரு தீர்ப்பைக் கேட்காமல் எழுந்து போக முடியாது. "நல்லாருந்த யமஹாவ இந்தப் புகைச் சட்டம் வந்துதேன் கொன்னு போட்டுச்சு தம்பி. இப்ப வர்றதெல்லாம் வண்டியா? பேரு மட்டுந்தேன் யமஹா."

அவர் மட்டுமா சொல்கிறார்? ஆர்எக்ஸ் 100 ஓட்டிய ஒரு தலைமுறையே இதைச் சொல்கிறது. ஓட்டாத தலைமுறையும் சொல்கிறது. நானும் சொல்லியிருக்கிறேன், அதுவும் மேடையேறி. 2000ஆம் ஆண்டு புகை விதிகள் இறுகியபோது நடந்த ஒரு கூட்டத்தில், மாசுக் கட்டுப்பாடு என்பது பழைய வண்டியை ஒழித்துப் புது வண்டி விற்கப் பன்னாட்டுக் கம்பெனிகள் செய்கிற சூழ்ச்சி என்றும், மெக்கானிக்கின் வயிற்றில் அடிக்கிற சட்டம் என்றும் பேசினேன். நல்ல கைதட்டல். அந்தப் பேச்சில் எது சரி, எது தவறு என்று இத்தனை ஆண்டுகள் கழித்துப் பிரித்துப் பார்க்கிற முயற்சிதான் இக்கட்டுரை. வரலாறு என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது பல நேரங்களில் பட்டறையில் கேட்ட தீர்ப்பாகவே இருந்துவிடுகிறது. தீர்ப்பைக் குறை சொல்லவில்லை. அதற்குள் ஒளிந்திருக்கும் கணக்கைத்தான் பார்க்க வேண்டும் என்கிறேன்.

2

முதலில் 'பிக்கப்' என்ற சொல். கியரைப் போட்டு ஆக்சிலேட்டரைத் திருகியதும் வண்டி நம்மைத் தூக்கிக்கொண்டு போகிறதே, அதற்கு நம் ஊர் வைத்திருக்கும் பெயர் அது. யமஹாவின் பெயர் என்பது இந்த ஒரு சொல்லின் மேல் கட்டப்பட்ட பெயர். அந்தப் பிக்கப் எங்கிருந்து வந்தது?

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தால் ஒரு வெடிப்பு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டுமுறை போய் வந்தால்தான் ஒரு வெடிப்பு. அதே சிசிக்கு டூ ஸ்ட்ரோக் கூடுதல் திறன் தருவதன் அடிப்படை இதுதான். வால்வு, கேம் என்ற சங்கதியெல்லாம் இல்லாததால் எடையும் குறைவு, விலையும் குறைவு. ஆனால் ஒரு சிக்கல். எரிந்த புகை வெளியேறும் வழியும் புதுக் கலவை உள்ளே வரும் வழியும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும். உள்ளே வருகிற பெட்ரோல் ஆவியில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு சேர்ந்து சைலன்சர் வழியாக ஓடிவிடும். எஞ்சினைப் பொறுத்து, ஓட்டும் வேகத்தைப் பொறுத்து, நூற்றுக்குப் பதினைந்திலிருந்து நாற்பது வரை இப்படிப் போகும் என்பது பொறியாளர்கள் கணக்கு. பெட்ரோலோடு கலந்து எரிகிற டூடி ஆயிலும் முழுதாக எரியாது. அந்த நீலப் புகை, அந்த வாசம் எல்லாம் அதுதான்.

ஓடிப்போகிற கலவையைத் திருப்பி உள்ளே தள்ள ஒரு வித்தையைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானியர்கள் அல்லர். கிழக்கு ஜெர்மனியின் ச்சோப்பாவ் என்ற ஊரில் எம்இசட் தொழிற்சாலையில் வால்டர் காடன் என்ற பொறியாளர், கையிருப்பு அதிகம் இல்லாத ஒரு சோசலிச நாட்டின் பட்டறையில் இருந்துகொண்டு, புகைக்குழாயின் வடிவத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். குழாயின் முடிவில் மோதித் திரும்பும் அழுத்த அலை, தப்பி ஓடும் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளும்படி செய்தார். 1961இல் அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடன் பந்தயத்தோடு மேற்கே ஓடிப்போனார். அந்த அறிவும் அவரோடு சுசுகிக்குப் போனது. மறுவருஷமே, 1962இல், 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. 1964இல் 250 சிசி பட்டத்தை டூ ஸ்ட்ரோக் வண்டியில் வென்றது யமஹா.

இன்னொரு வேடிக்கை. 1955இல் யமஹா செய்த முதல் மோட்டார்சைக்கிளான ஒய்ஏ-1, ஜெர்மன் டிகேடபிள்யூ ஆர்டி 125இன் நகல். அந்த டிகேடபிள்யூவின் ஊரும் இதே ச்சோப்பாவ்தான். வேகத்தின் புகழை எந்தக் கம்பெனியும் தன் வீட்டுத் தோட்டத்தில் மட்டும் விளைவிப்பதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆனால் காடனின் குழாய் குறிப்பிட்ட ஒரு சுற்று வேகத்தில்தான் சரியாக வேலை செய்யும். பந்தயத்தில் ஓடுகிறவன் எஞ்சினை அந்த வேகத்திலேயே வைத்திருப்பான். சிக்னலில் நின்று நின்று போகிற மனிதனுக்கு அந்த வசதி இல்லை. அவன் வண்டியிலிருந்து எரியாத பெட்ரோல் தெருவுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பிக்கப் வண்டிக்காரனுக்கு, மிச்சம் பின்னால் நிற்பவனுக்கு.

3

எழுபதுகளில் அமெரிக்காவில் இந்த மிச்சத்தின் மேல் கை வைத்தார்கள். மோட்டார்சைக்கிள்களுக்கான அந்நாட்டின் புகை வரம்பு 1978ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, 1975உடன், யமஹா ஆர்டி 350 அங்கே நின்றுபோய் ஆர்டி 400 வந்திருந்தது. 1979உடன் அதுவும் முடிந்தது. காற்றால் குளிரும் டூ ஸ்ட்ரோக் யமஹா அமெரிக்கத் தெருவிலிருந்து இறங்கியது.

இறங்கி எங்கே போனது? 1983இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 'ராஜ்தூத் 350' என்ற பெயரில் இந்தியாவில் செய்ய ஆரம்பித்தது அதே ஆர்டி 350ஐத்தான். எஸ்கார்ட்ஸுக்கு இது புதுப் பழக்கமல்ல. அறுபதுகளில் இருந்து அது செய்துவந்த ராஜ்தூத் 175 போலந்து நாட்டு எஸ்எச்எல் வண்டியின் வம்சம். ஓர் இடத்தில் காலாவதியான அச்சு வேறோர் இடத்தில் புதுசு என்று விற்கப்படுவது நமக்குத் தெரியாத கதையா? இந்தியாவில் அப்போது வண்டிகளுக்குப் புகை வரம்பு சட்டம் வரவில்லை. எனவே பழைய இயந்திரத்துக்கு இங்கே தடை ஏதும் இல்லை. விதி என்பது இயந்திரத்தை மட்டும் திருத்துவதில்லை. விதி இல்லாத நாட்டை நோக்கி இயந்திரத்தை நகர்த்தவும் செய்கிறது. 2000இல் நான் மேடையில் பேசியதில் சரியான பாதி இது.

இங்கே ஒரு தகவலைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டில் 39 குதிரைத்திறன் தந்த அந்த வண்டி இந்தியாவில் முதலில் 30.5ஆகவும் பிறகு 27ஆகவும் குறைக்கப்பட்டது. எந்தப் புகைச் சட்டமும் கேட்டு இது நடக்கவில்லை. மைலேஜ் கேட்டது. அப்படிக் குறைத்தும் பெட்ரோல் செலவுக்குப் பயந்து ஜனங்கள் வாங்கவில்லை. எண்பதுகளோடு உற்பத்தி நின்றது. யமஹாவின் வேகத்தை இந்தியாவில் முதலில் வெட்டிய கத்தி பெட்ரோல் பங்க்கில் இருந்தது.

4

1985இல் மூன்று காரியங்கள் நடந்தன. எஸ்கார்ட்ஸ் யமஹா ஆர்எக்ஸ் 100ஐ வெளியிட்டது: 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவுக்குச் சற்று மேல். ஹீரோ ஹோண்டா சிடி 100ஐ வெளியிட்டது: ஏறத்தாழ அதே சிசி, ஆனால் ஃபோர் ஸ்ட்ரோக், திறன் ஏழு சொச்சம். பெட்ரோலைப் போடு, மூடு, மற என்பதுதான் அதன் விளம்பரம். எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர், டெல்லியின் வாகனப் புகைக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார். போபால் நடந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

மூன்றும் ஒரே வருஷம் நடந்தது தற்செயல். அடுத்த இருபது வருஷங்களின் சண்டை மொத்தமும் அவற்றுக்குள் அடங்கியிருந்தது தற்செயல் அல்ல. அன்றைக்கு இந்தியக் கம்பெனிகளோடு கைகோத்து நான்கு ஜப்பான் பெயர்கள் உள்ளே வந்தன. ஓசூரில் டிவிஎஸ்ஸோடு சுசுகி, பஜாஜோடு கவாசாகி, எஸ்கார்ட்ஸோடு யமஹா ஆகிய மூவரும் 100 சிசியில் டூ ஸ்ட்ரோக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். ஹோண்டா மட்டும் ஃபோர் ஸ்ட்ரோக். ஆக, ஃபோர் ஸ்ட்ரோக்கை 100 சிசியில் செய்யவும் முடியும், விற்கவும் முடியும் என்பது எந்த விதியும் வருவதற்கு முன்பே நம் தெருவில் நிரூபணமாகியிருந்தது.

ஆனால் நாங்கள் சிடி 100ஐ 'பால்காரன் வண்டி' என்று கிண்டல் பண்ணினோம். ஆர்எக்ஸ் சத்தம் தெருமுனையில் கேட்டாலே யார் வருகிறார்கள் என்று தெரியும். அந்தச் சத்தத்துக்குச் சாதியும் வயதும் பாலும் உண்டு. பின்சீட்டில் ஒருபக்கமாகக் காலைப் போட்டு உட்கார்ந்த அக்காவுக்கும் அம்மாவுக்கும் பிக்கப் என்றால் பயம்தான். வேகத்தை விடுதலை என்று எழுதிய நம் ஆம்பளைச் சொல்லாடலுக்குள் அந்தப் பயம் இடம்பெறவே இல்லை.

5

கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் என்று அளவு வைத்த இந்தியாவின் முதல் புகை வரம்புகள் 1991இல் வந்தன. இருசக்கர வண்டி ஒரு கிலோமீட்டருக்கு 12 முதல் 30 கிராம் வரை கார்பன் மோனாக்சைடும், 8 முதல் 12 கிராம் வரை ஹைட்ரோகார்பனும் விடலாம். ஹைட்ரோகார்பன் என்பது பெரும்பாலும் அந்த எரியாத பெட்ரோல்தான்.

இந்த எண்ணை வெறும் எண்ணாக விட்டுவிட்டால் ஒன்றும் விளங்காது. ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றால், கிலோமீட்டருக்கு அது குடிப்பது 18.5 கிராம். அதில் 8 கிராம் எரியாமல் தெருவுக்குப் போகலாம் என்கிறது சட்டம். அதாவது, போட்ட பெட்ரோலில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் வீணாகக் கொட்டினாலும் குற்றமில்லை! டூ ஸ்ட்ரோக்குக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. கம்பெனிகளின் கையில் ஏற்கெனவே எந்த வண்டி இருந்ததோ, அதைப் பாதிக்காதபடி முதல் விதி எழுதப்பட்டது. அதிகாரம் தடை செய்வதன் மூலம் மட்டுமல்ல, எதைத் தடை செய்யாமல் விடுகிறதோ அதன் மூலமும் வேலை செய்கிறது என்று நாம் படித்திருக்கிறோம். அதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

1996இல் சட்டை இறுகியது. கார்பன் மோனாக்சைடு 4.5 கிராம். ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்த்து 3.6. 2000த்தில் இரண்டுமே 2. 2005இல் இரண்டுமே 1.5. 2010இல் 1. முப்பது கிராமில் தொடங்கிய கதை இருபது வருஷத்தில் ஒரு கிராமில் நின்றது.

ஆர்எக்ஸ் 100 நின்ற வருஷம் 1996. அதன் இடத்துக்கு 132 சிசியில் ஆர்எக்ஸ்ஜியும் ஆர்எக்ஸ் 135உம் வந்தன. எஞ்சின் மூன்றில் ஒரு பங்கு பெரிசு. ஆனால் நான்கு கியர் வண்டியின் திறன் 12தான். ஐந்து கியர் வந்த பிறகே 14. எஞ்சினைப் பெரிதாக்கி, முறுக்கைத் தளர்த்தி, விதிக்குள் நுழைகிற உபாயம். ஈயமில்லாப் பெட்ரோல் பரவியதும் டூ ஸ்ட்ரோக் சைலன்சர்களுக்குள் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் வந்தது. அதுவரை சைலன்சரைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் பண்ணிய அண்ணனுக்கு அது புது வைரி. "தொண்டையில துணியத் திணிச்சுப்புட்டு ஓடுண்டா எப்படித் தம்பி ஓடும்?" 2005இன் விதிக்கு ஆர்எக்ஸ் வம்சமே தாக்குப்பிடிக்கவில்லை.

இதற்கிடையே கம்பெனியும் கை மாறியது. 1995–96இல் எஸ்கார்ட்ஸும் யமஹாவும் பாதிக்குப் பாதி. 2001இல் முழுவதும் யமஹா. அந்த வருஷம் வந்த க்ரக்ஸ் ஒரு ஃபோர் ஸ்ட்ரோக்: 106 சிசி, 7.6 குதிரைத்திறன். பின்னாடியே லிபரோ, அதே ஜாதி எஞ்சின். ஆர்எக்ஸ் ஓட்டியவன் க்ரக்ஸில் ஏறிய அன்றுதான் 'யமஹா செத்துப்போச்சு' என்ற வாக்கியம் பிறந்தது. பிக்கப்பில் பழைய யமஹாவாக இல்லை. மைலேஜிலோ ஹீரோ ஹோண்டாவுக்கு இருந்த பெயரும் இல்லை. இரண்டுங்கெட்டான்.

6

ஆக, கொன்றது புகைச் சட்டமா?

2008இல் யமஹா ஆர்15ஐக் கொண்டுவந்தது. 149.8 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக், நான்கு வால்வு, தண்ணீரால் குளிரும் எஞ்சின், பெட்ரோல் பீய்ச்சும் முறை, 17 குதிரைத்திறன். ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு எவ்வளவு திறன் என்று வகுத்துப் பாருங்கள். ஆர்எக்ஸ் 100க்கு 112. ஆர்15க்கு 113. நாம் இழந்துவிட்டதாக அழுதுகொண்டிருந்த அதே திறன், தெருவில் பெட்ரோலைக் கொட்டாமலே திரும்பி வந்தது. 2010இன் விதிக்குப் பிறகும் அதே 17 குறையாமல் விற்றது. அப்படியானால் 1996க்கும் 2008க்கும் நடுவே தொலைந்துபோனதைச் சட்டத்தின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. விதி வரப்போவது தெரிந்திருந்தும், ஹோண்டா பக்கத்துத் தெருவில் செய்துகாட்டியும், நல்ல ஃபோர் ஸ்ட்ரோக்குக்குப் பணம் போடாமல் பழைய அச்சிலேயே கறந்துகொண்டிருந்த பன்னிரண்டு வருஷங்கள் அவை.

அப்புறமும் பல்லவி நிற்கவில்லை. 2008இல் வந்த எஃப்இசட் 153 சிசி, 14 குதிரைத்திறன். 2014இல் அது 149 சிசி, 13.1. 2019 கடைசியில் ஆறாம் கட்ட பாரத் ஸ்டேஜுக்காக வந்தது 12.4. "பாத்தீங்களா, மறுபடி சட்டம்" என்றார்கள். 2014இல் எந்தப் புது விதியும் வரவில்லை. அந்த வெட்டு மைலேஜுக்காக. ராஜ்தூத் 350க்கு நடந்த அதே கதை. ஆறாம் கட்டத்துக்காகக் குறைந்தது முந்தைய 13.2இல் இருந்து 0.8, நூற்றுக்கு ஆறு. 155 சிசி ஆர்15இல் 19.3இல் இருந்து 18.6, நூற்றுக்கு நாலு கூட இல்லை. சட்டம் எடுத்தது இவ்வளவு. சந்தை எடுத்ததையும் கம்பெனி சோம்பலில் விட்டதையும் சேர்த்து மொத்தப் பழியையும் சட்டத்தின் தலையில் கட்டியாயிற்று.

இந்தப் பழி யாருக்கு வசதி என்று கேட்டால் விஷயம் விளங்கும். 'எங்கள் வண்டி நல்ல வண்டி, அரசாங்கம்தான் கெடுத்தது' என்ற கதையை எந்தக் கம்பெனியும் காசு கொடுத்துப் பரப்ப வேண்டியதில்லை. நம் பட்டறைகள் இலவசமாகப் பரப்பின. நான் மைக் பிடித்துப் பரப்பினேன்.

7

தவறான பாதி என்னவென்று இப்போது சொல்லிவிடலாம். புகையைத் தின்றது யார் என்று அன்றைய கூட்டத்தில் நான் கேட்கவில்லை. சிக்னலில் நின்ற போலீஸ்காரர், பிளாட்பாரத்தில் பூக்கட்டியவர், நடைபாதையில் படுத்தவர், எல்லாருக்கும் முன்னால், நாள் முழுக்க ஸ்டாண்ட் போட்ட வண்டியை முறுக்கி முறுக்கி ஐடிலிங் பார்த்த அந்த அண்ணன். சாயங்காலமானால் தலைவலி மாத்திரை போடாமல் அவர் வீட்டுக்குப் போனதில்லை. "சட்டைய எத்தன தடவ தொவைச்சாலும் இந்த ஆயில் வாசம் போகாதுண்டு எங்க வீட்ல ஏசும்" என்பார் சிரித்துக்கொண்டே. அவர் வயிற்றுக்காகப் பேசுகிறேன் என்று சொல்லிக்கொண்டு அவர் நெஞ்சை மறந்திருக்கிறேன். சூழல் பிரச்சினை மேட்டுக்குடிக் கவலை என்று ஒதுக்கிய தோழர்கள் நம்மில் நிறையப் பேர். புகை மேட்டுக்குடியைத் தேடிப் போவதில்லை. அவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆனால் விதியையும் கும்பிட்டுவிட முடியாது. கணக்குத் தீர்க்கும் நாள் வந்தபோது சீட்டு யார் கையில் கொடுக்கப்பட்டது? 2017 மார்ச் 29 அன்று, ஏப்ரல் முதல் மூன்றாம் கட்ட வண்டிகளை விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தேங்கிக் கிடந்தவை எட்டு லட்சத்துக்கும் மேல். அதில் ஆறே முக்கால் லட்சம் அளவுக்கு இருசக்கர வண்டிகள். கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் தள்ளுபடி அறிவித்தன. இரண்டே நாளில் ஜனம் வரிசையில் நின்று, கூடுதல் புகை வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்கிப் போனது. 2022 ஏப்ரலில் பதினைந்து வருஷம் தாண்டிய மோட்டார்சைக்கிளின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. அந்த வண்டியை அப்படிச் செய்தது யார்? கட்டணம் கட்டுகிறவர் யார்? அமெரிக்காவில் விடைபெற்ற அச்சை இங்கே இறக்கி விற்று லாபம் பார்த்தவர்களுக்கு எந்தப் புதுப்பித்தல் கட்டணமும் வரவில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியது 'விதி வேண்டுமா, வேண்டாமா' என்பதல்ல. விதியின் செலவை யார் கட்டுவது என்பதுதான்.

இதை இன்றைக்கு எழுதக் காரணம் உண்டு. ஆறாம் கட்ட வண்டியில் கார்புரேட்டர் போய்ப் பெட்ரோல் பீய்ச்சும் முறை வந்துவிட்டது. எவ்வளவு பெட்ரோல், எப்போது என்று முடிவு செய்வது ஒரு சின்னக் கணினிப் பெட்டி. வண்டியில் கோளாறு என்றால் அந்தப் பெட்டியோடு பேசக் கம்பெனியின் கருவி வேண்டும். அது கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் இருக்கிறது, சிம்மக்கல் சந்தில் இல்லை. காதால் கேட்டே எந்த ஜெட்டில் தூசி என்று சொன்ன ஒரு அறிவு, ஒரே தலைமுறையில் கடைசி வரிசைக்குத் தள்ளப்படுகிறது. சுத்தமான காற்றுக்கும் இந்தப் பூட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அழுத்த அலையைப் படித்துப் பிக்கப்பாக மாற்றியதைப் போல, அந்தப் பெட்டியின் பாஷையையும் நம் மெக்கானிக்குகள் படித்துவிடுவார்கள், சொல்லிக் கொடுத்தால். பழுது பார்க்கும் உரிமைக்காக ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் ஒரு இணையத் தளத்தைத் திறந்தது. தளம் திறப்பது ஒன்று, பூட்டைத் திறப்பது வேறு. புகை வரம்பை எழுதுகிற அதே அதிகாரத்துக்கு, பழுதறியும் கருவியையும் தகவலையும் எல்லாப் பட்டறைக்கும் கட்டுப்படியாகும் விலைக்குக் கொடு என்று கம்பெனிகளைப் பணிக்க ஒரு வரி எழுதுவது கடினமா? 2000இல் நாம் கூட்டம் போட்டுக் கேட்டிருக்க வேண்டியது இதை.

போன மாசம் பட்டறைக்குப் போயிருந்தேன். யாரோ ஒரு பையன் லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய பழைய ஆர்எக்ஸ் 100ஐப் பிரித்து வைத்திருந்தார் அண்ணன். அவன் பிறப்பதற்கு முன்பே நின்றுபோன வண்டி. இந்தக் கட்டுரைக் கணக்கை, 8 கிராம், 18 கிராம் என்று அவரிடம் சொன்னேன். பிஸ்டனைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பாதிப் பெட்ரோல் ரோட்டுக்குப் போச்சு என்றதும் நிமிர்ந்து பார்த்தார். "அது எனக்கு அப்பவே தெரியும் தம்பி. சைலன்சர்ல கைய வச்சுப் பாத்தா ஈரம் ஒட்டும்." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் கம்ப்யூட்டர் டப்பா இருக்குல்ல, அத எங்க போயிக் கத்துக்கிடலாம்?" என்றார்.

பதில் சொல்ல எனக்கு இடம் தெரியவில்லை.